மணல் ஏறக்கூடாத வண்டி

ஜூன் 4, புதன்

இந்த டைரி வண்டிக்கு உரியது. வண்டி வாங்கிய காலத்திலிருந்து வருடத்துக்கு ஒன்றாக எழுதி வருகிறேன். பெட்ரோல், ஆயில், டயர் காற்று, சர்வீஸ். வீட்டு விவகாரம் இதில் வராது. நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஒரு சொத்தின் பத்திரத்தில் இன்னொரு சொத்தின் கதையை நுழைத்தால் பின்னால் வில்லங்கம்தான்.

ஆகவே மேற்படி வண்டியைப் பற்றி மட்டும். நேற்று மதுரை போய்த் திரும்பும்போது, சாத்தூர் தாண்டியதும், முன் இடது சீட்டில் வாந்தி. பெரிய சேதம் இல்லை. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ஷோரூமிலிருந்து வந்தபோது போட்டிருந்த அதே உறை, நான் கழற்றவே இல்லை. கிழிந்த இடங்களில் டேப் ஒட்டி, அதற்கு மேல் கெட்டியாக இன்னொரு உறையும் வாங்கிப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் துணி என்றைக்கும் புதிதாக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

போதாததற்கு வடிவு தன் முந்தானையை விரித்து அதில் ஏந்திக்கொண்டாள். ஓரங்கட்டி நிறுத்தியதும் வாயைக்கூடத் துடைக்கவில்லை. "சீட்டுல படலைல்ல?" என்றுதான் முதலில் கேட்டாள். ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வடிவு என்பது என் மனைவி சண்முகவடிவு. அவளுக்கு நேற்று முதல் மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் ஆறு. நர்ஸ் அதைக் கீமோ என்கிறாள். ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் கோமுவும் போனில் கீமோ என்கிறாள். நான் மருந்து என்று எழுதுகிறேன். இது வண்டி டைரி.

ஜூன் 7, சனி

உறையை ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். மேலாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு புளித்த வாடை. எலுமிச்சை வாசனை ஜெல் ஒரு டப்பா வாங்கி டேஷ்போர்டில் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

வாடை போகவில்லை. எலுமிச்சையும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. மல்லிகை வாசனையில் ஒன்று வாங்கி ஏசி துவாரத்தில் செருகினேன்.

ஜூன் 20, வெள்ளி

அடுத்த மருந்துக்கு முன்னால் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். வடிவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏறியதுமே தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தெருமுனை வரவில்லை, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். இறங்கி, பால் பூத் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அப்புறம் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் ஏறவில்லை. நான் வண்டியை ரிவர்சில் அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ரத்தம் எடுக்க லேபிலிருந்து வீட்டுக்கே வந்தார்கள்.

ஜூன் 25, புதன்

நேற்று இரண்டாவது மருந்து. வாடகைக் காரில் போனோம். நல்ல வண்டி, நல்ல டிரைவர், ஆனால் கண்ணாடியில் சந்தன வாசனைக் குப்பி ஒன்று தொங்கியது. போகிற வழியெல்லாம் வாந்தி. மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே ஆள் பாதியாகிவிட்டாள்.

மேற்படி வண்டி ஷெட்டில் நின்றது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையில் இட்லியைத் தட்டில் இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டே, ஏதோ கடைக்குப் போக வேண்டாம் என்பது போலச் சொன்னாள்.

"இனிமே மதுரைக்குப் போவ வேண்டாம்ங்க."

"டாக்டர் ஆறு சொல்லியிருக்காரு."

"அவர வந்து அந்தக் கார்ல உக்காரச் சொல்லுங்க."

"மருந்து குடுக்கிற வாந்திக்குக் கார் என்ன செய்யும்?"

"மருந்து உள்ள போன பொறவு வாறது வேற. எனக்கு ஏறுன ஒடனே வருதே. அந்த வாடைய நெனச்சாலே கொமட்டுது. மருந்தக்கூடத் தாங்கிருவேன். போற பாதையத் தாங்க முடியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் எழுந்து போய்விடுவேன், அதுதான் வழக்கம். ஷெட்டுக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டேன். பாதியில் நிறுத்தவே கூடாது என்றார். பஸ்ஸோ ரயிலோ வேண்டாம், இந்த நேரத்தில் கூட்டத்தில் போனால் எது வேண்டுமானாலும் தொற்றிக்கொள்ளும் என்றார். மூன்றாவது மருந்து ஜூலை பதினைந்து.

ஆக, பிரச்சினை வாடை. வாடை இருப்பது சீட்டில். சீட்டு இருப்பது வண்டியில். வண்டி என் பொறுப்பு. அதற்குள் ஒரு வாடையும் இல்லாமல் செய்துவிட்டால் அவள் ஏறித்தானே ஆக வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் உறை முழுவதையும் கிழித்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

உள்ளே பார்த்தால் அதைவிடக் கஷ்டம். புதிதாகவே இருக்கும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த துணியில் கரும்பச்சையாகப் பூஞ்சணம். உறைக்கும் துணிக்கும் நடுவில் இத்தனை வருஷ வியர்வையும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கிடந்திருக்கின்றன. முன் இடது சீட்டில், டேப் பிரிந்த இடம் வழியாக இறங்கிய வாந்தி காய்ந்து ஒட்டியிருந்தது. இதன் மேல்தான் எலுமிச்சையும் மல்லிகையும் தூவிக்கொண்டிருந்திருக்கிறேன். வாசனை டப்பாக்களைக் குப்பையில் போட்டேன்.

வடிவு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரக்கூடாது. பூஞ்சணத் தூசி இந்த நேரத்தில் அவள் மூச்சில் போகவே கூடாது என்று கோமு கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் மூக்கில் மாஸ்க்கும் கையில் ரப்பர் உறையும் மாட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்தேன். உடனே சட்டைப்பையில் போன் அடித்தது. பத்தடி தள்ளி ஜன்னலில் நிற்கிறவள் போன் போடுகிறாள்.

"அந்த டப்பாவ மூடுங்க."

"பூசணத்துக்குப் பிளீச்சிங்தான் மருந்து."

"வாசல் கழுவவா போறீக? அது கலர் போட்ட துணி. வெள்ளை வெள்ளையாத் திட்டு விழும். அந்த நெடியில நான் இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன். பெல்ட்டுல பட்டா நூலே இத்துப் போவும்."

வடிவு வீட்டின் பின் அறையில் சேலை பாலிஷும் ரோலிங்கும் போட்டுக்கொண்டிருந்தவள். இந்த ஊர்க் கல்யாணப் பட்டுகளில் பாதி அவள் கையில் உருண்டவை. துணி விஷயத்தில் அவளிடம் எதிர்வாதம் செய்து நான் ஜெயித்ததில்லை. டப்பாவை மூடினேன்.

"அப்ப என்ன செய்ய? நீயே சொல்லு."

"மொதல்ல தூசி. ஈரம் படுறதுக்கு முந்தி எல்லாத் தூசியும் போவணும். தூசி மேல தண்ணி பட்டாச் சேறுதான்."

கோமு அனுப்பிய வாக்குவம் கிளீனர் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. டி.வி. ரிமோட் இன்னமும் பாலிதீன் கவருக்குள்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்தேன்.

ஜூன் 30, திங்கள்

வாக்குவம் போட்டேன். முதலில் இடுக்குகள், பிறகு சீட்டு, கடைசியில் தரைவிரிப்பு.

முன் இடது சீட்டின் இடுக்கிலிருந்து வந்தவை: கொண்டை ஊசிகள், காய்ந்த பிச்சிப்பூ, ஒரு ரவிக்கைக் கொக்கி, கடலைமிட்டாய்த் தூள். ஒரு கை நிறைய. இந்த வண்டியில் சில விதிகள் உண்டு. தின்னக்கூடாது. பூ உதிரக்கூடாது. நனைந்த குடை டிக்கியில்தான். மணல் ஏறக்கூடாது. முதல் விதியை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தே இத்தனை வருஷம் மீறிக்கொண்டிருந்திருக்கிறாள். மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டதில்லை. எப்படித்தான் தின்றாளோ. தூளை உள்ளங்கையில் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். திரையை இழுத்து மூடிவிட்டாள்.

தலை சாய்க்கும் இடத்தில், டேப் மிச்சத்தில், முடி. வாக்குவம் குழாயில் சுற்றிக்கொண்டது. நீள நீளமாக, நிறைய. அன்றைக்குத் தெருமுனை வரைதான் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் இவ்வளவு. குழாயை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். குப்பையில் போடத் தோன்றவில்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சட்டைப்பையில் இருக்கிறது.

பின் சீட்டில் தூசி மட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

துணி துவைப்பது வேறு, சீட்டுத் துணியைச் சுத்தம் செய்வது வேறு என்று வடிவு ஒரு மணி நேரம் போனில் பாடம் எடுத்தாள். சீட்டுக்குள் பஞ்சு இருக்கிறது. துணியை நனைத்தால் பஞ்சு குடித்துவிடும், குடித்தது லேசில் காயாது, மறுபடி பூஞ்சணம்தான். ஆகவே பைப்பைக் கிட்டத்திலேயே கொண்டுவரக்கூடாது. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் வாசனை இல்லாத சோப்புக் கரைசல் சில சொட்டு. வெள்ளைத் துணியை முக்கி, முறுக்கிப் பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவில்தான் தொட வேண்டும்.

"எடுத்த எடுப்புல நடுச் சீட்டுல வைக்காதீக. அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு ஓரம் தொட்டுப் பாருங்க. சாயம் வெள்ளத் துணியில எறங்குதான்னு பாருங்க. காஞ்ச பொறவு அந்த எடம் எப்படி இருக்குன்னும் பாருங்க. அது வரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அந்த நேரத்தில் வண்டியோடு வந்த புத்தகத்தை முதல் முறையாகப் படித்தேன். சீட்டுக்கு அடியில் போகும் மஞ்சள் வயர் ஏர்பேக் என்கிற காற்றுப்பைக்கானது, அதில் தண்ணீர் படக்கூடாது, அதைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று போட்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், இருக்கிறது. அந்தப் பக்கமே போகவில்லை.

சாயம் இறங்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

முன் இடது சீட்டு. நான் முழங்கையை ஊன்றித் தேய்க்க ஆரம்பித்தேன், போன் அடித்தது.

"தேய்க்காதீக. தேய்ச்சா கறை உள்ள போவும், துணியும் பொசுபொசுன்னு ஆயிரும். ஒத்தி எடுங்க. ஓரத்துல இருந்து நடுவுக்கு வாங்க. துணி அழுக்கானா வேற பக்கம் மடிச்சுக்கோங்க."

"இது எப்ப முடியுறது?"

"அவசரமா? எங்கயாச்சும் போவணுமா?"

ஒத்தினேன். சோப்புத் துணியால் ஒத்தி, வெறும் தண்ணீர்த் துணியால் ஒத்தி, காய்ந்த துண்டால் அமுக்கி ஈரத்தை எடுத்து, திரும்பவும் முதலிலிருந்து. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு நெற்றி துடைப்பது மாதிரிதான் இருந்தது. ஆனித் தூசிக்காற்று சும்மா இருக்குமா? கதவைத் திறந்து வைத்தால் கரிசல் மண் வந்து அப்பும். ஷெட் வாசலில் வடிவின் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டி, உள்ளே டேபிள் ஃபேன் வைத்துக் காயவிட்டேன்.

சாயங்காலம் பூஞ்சணம் போயிருந்தது. கறையும் கிட்டத்தட்டப் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் எனக்கு மட்டும் தெரியும்.

ஜூலை 5, சனி

பின் சீட்டு, கதவுத் துணி, தரைவிரிப்பு எல்லாம் முடிந்தன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே போக விட்டேன். சீட்டு முழுக்க ஆப்ப சோடா தூவி ஊறவிட்டிருக்கிறேன். நாளைக்கு வாக்குவம் போட்டு எடுத்துவிட்டால் மிச்ச வாடையும் போய்விடும் என்பது மேலிடத்து உத்தரவு.

மேலிடம் இன்று தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "முடிய எங்க போட்டீக?" என்று கேட்டாள். ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். "கிறுக்கு" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு விபரீதம்.

வண்டியின் உள்கூரையில் ஒட்டியிருக்கும் மேல்துணியில் ஈரம் காட்டாதீர்கள் என்று வடிவு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆனால் சீட்டெல்லாம் பளிச்சென்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. நேற்று அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, மேல்துணி முழுக்கப் புஸ் புஸ்ஸென்று அடித்து ஆசை தீரத் துடைத்தேன்.

மேல்துணி வெறும் பசையில் நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் அது பசை விட்டு, பின் சீட்டின் தலைமாட்டு வரை தொய்ந்து தொங்குகிறது. நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

பூஞ்சணம்தான் போய்விட்டதே என்று வடிவு மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள்.

"ஏங்க, பந்தல் போட்டிருக்கீக! யாருக்குக் கல்யாணம்?"

"சிரிக்காத வடிவு. எனக்கு வயிறு எரியுது."

"மைக்செட்டுக்குச் சொல்லியாச்சா?"

கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் அந்த ரிப்போர்ட்டை வாங்கிய நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்படியானால் வண்டி முழுக்கவே பிய்ந்து தொங்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

கடையில் கொடுத்தால் புதிதாகப் பசை போட்டு ஒட்டுவார்கள். ஆனால் பசை நெடி ஒரு மாசத்துக்கு இருக்கும். அதனால் வேண்டாம். வடிவு சேலை பின் டப்பாவை எடுத்துவந்து, பின் சீட்டுக்கு மேலே மடிப்பு மடிப்பாக எடுத்துக் குத்திவிட்டாள். கொசுவம் வைத்த மாதிரி இருக்கிறது. பின் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு.

ஜூலை 9, புதன்

வண்டியில் வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை. நான் முகர்ந்தேன், பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "ஒண்ணுமே இல்ல அண்ணே, தண்ணி மாதிரி இருக்கு" என்றார். டீச்சருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் எதுவும் கிடையாது, நம்பலாம்.

வடிவு ஏறினாள். சீட்டுத் துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாச் செஞ்சிருக்கீக" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சுற்று போய்வருவோம் என்று கிளம்பினேன். தெருமுனை தாண்டினோம். மார்க்கெட் ரோடு தாண்டினோம். பைபாஸில் ஏறி மதுரைப் பக்கம் திரும்பினேன்.

"நிறுத்துங்க."

அதே வாந்தி. வெறும் வயிற்றில், தண்ணீர் தண்ணீராக. இறங்கிவிட்டாள், வண்டியில் ஒரு சொட்டுப் படவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து, "நீங்க செஞ்சதுல கொறையில்லைங்க. எனக்குத்தான் ஆவல. விட்டிருங்க" என்றாள்.

ஏதாவது ஒரு வாடை மிச்சம் இருந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அதைப் போக்கியிருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

கோமுவிடம் சொன்னேன். அவள் சொன்னது:

"அப்பா, அது வாடையே இல்லப்பா. எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரி கேட்டைப் பாத்தாலே வாந்தி வரும். அம்மாவுக்கு அந்தக் கார்ல ஏறுனாலே கீமோவுக்குப் போறோம்னு ஆகிப்போச்சு. டாக்டர்ட்ட சொல்லுங்க, அதுக்கு மாத்திரை இருக்கு."

டாக்டரும் அதையே சொன்னார். நிறையப் பேருக்கு வருவதுதானாம். முந்தின நாள் போட ஒரு மாத்திரையும், காலையில் போட ஒன்றும் எழுதித் தந்தார். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கோமு இன்னொன்றும் கேட்டாள். "சரி, அந்தக் கார்ல ஆஸ்பத்திரிக்குத் தவிர அம்மாவ வேற எங்கப்பா கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

சர்வீஸ் சென்டருக்கு வந்திருக்கிறாள். சில கல்யாணங்களுக்கு. அதுவும் பூ உதிராமல், குடை நனையாமல். கடல் என்றால் அவளுக்கு உயிர். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவள், தண்ணீரைப் பார்த்தால் சின்னப்பிள்ளை ஆகிவிடுவாள். வண்டி வந்த புதிதில் வேம்பார் கடற்கரைக்குப் போவோமா, வேம்பாருக்குப் போவோமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விதிகளில் கடைசி விதி அவளுக்காகவே எழுதப்பட்டது.

"லைன் சரியில்லை" என்று கோமுவிடம் சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூலை 12, சனி

கூட்டமில்லாத கடற்கரைதானே, போய்வரலாம், வெளியில் எதையும் வாங்கித் தின்ன வேண்டாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். டயர் காற்று பார்த்தேன். வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். வீட்டிலேயே வடிவு பாகு காய்ச்சிச் செய்த கடலைமிட்டாய். அதை முன் பக்க டிராயரில் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

"எங்க?" என்றாள்.

"ஏறு, சொல்லுதேன்."

"மதுரைன்னா நான் வரல."

"மதுரை இல்ல."

ஏறினாள். முந்தானையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள். மார்க்கெட் ரோடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பைபாஸ் வந்தது. நான் அதில் ஏறாமல் நேராக எட்டயபுரம் ரோட்டைப் பிடித்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இது விளாத்திகொளம் போற ரோடு."

"ஆமா."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"அதுக்கு அங்கிட்டு வேம்பார் இருக்கு."

அப்புறம் ஜன்னலை இறக்கினாள். வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. ஸ்கார்ஃப் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிராயரைத் திறந்தாள். கடலைமிட்டாய் இருப்பது எப்படித் தெரிந்ததோ. கடக் கடக்கென்று சத்தமாகக் கடித்தாள், எனக்கும் ஒன்று வாயில் ஊட்டிவிட்டாள். தூள் சீட்டில் விழுந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வேம்பாரில் ஆளே இல்லை. வலை காயப்போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதலில் கால் நனைய நின்றாள். அப்புறம் முழங்கால் வரை. கையைப் பிடித்துக்கொள் என்றேன். பிடித்துக்கொண்டு என்னையும் இழுத்தாள். ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டது. என் வேட்டி, அவள் சேலை, எல்லாம் மணல். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தோம். எழுந்திருக்க முடியாததற்குக் காரணம் சிரிப்பு மட்டும் இல்லை, அவளுக்குத் தெம்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பிடித்துத் தூக்கினேன். எடையே இல்லை.

வண்டிக்கு வந்ததும் கதவுக்கு வெளியே நின்று சேலையைப் பிழிய ஆரம்பித்தாள். "டிக்கியில சாக்கு இருக்கா? பேப்பர் இருந்தாலும் போதும், விரிச்சு உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

"அப்படியே ஏறு."

"மணலுங்க. சீட்டு?"

"சீட்டு காஞ்சிரும். இப்பத்தான் ஒரு வாரமாப் பழகியிருக்கேன்ல. நீ ஏறு வடிவு."

நின்று பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்திருப்பாள். பிறகு ஏறி, சொட்டச் சொட்ட, மணலோடு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எட்டயபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தானை கீழே கிடந்தது.

அவள் முந்தானையில் ஏந்தி அந்தச் சீட்டைக் காப்பாற்றியது எனக்கு இன்னும் ஆறவில்லை. இது வண்டி டைரி என்பது தெரியும்.

ஜூலை 14, திங்கள்

கதவுகளைத் திறந்து ஃபேன் வைத்துச் சீட்டைக் காயவிட்டேன். ஈரத்தைத் துண்டால் ஒத்தி எடுத்தேன். மணலை எடுக்கவில்லை. வாக்குவத்தைப் பெட்டியில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் கொடுத்த மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். நாளைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

நேற்று மூன்றாவது மருந்து.

காலையில் நான் ஷெட்டைத் திறக்கும்போது அவள் ஸ்கார்ஃப் கட்டி, பையோடு வாசலில் நின்றாள். ஏறியதும் செருப்பைக் கழற்றினாள். பைபாஸில் மதுரைப் பக்கம் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து நரம்பு தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஓட்டுங்க" என்றாள். வெறுங்காலால் கீழே கிடந்த மணலை அளைந்துகொண்டே வந்தாள். சரக் சரக்கென்று அந்தச் சத்தம் சாத்தூர் வரை கேட்டது. சாத்தூர் தாண்டியதும் கண்ணைத் திறந்து, "ஏங்க, சீட்டுல உப்பு வாடை அடிக்கு" என்றாள். எனக்குப் பகீரென்றது. "நல்லா இருக்கு" என்றாள்.

மதுரை வரை வாந்தி இல்லை.

திரும்பும்போது வந்தது. அது மருந்தின் வாந்தி, வரும் என்று நர்ஸ் சொல்லியே அனுப்பினாள். சாத்தூர் பாலம் தாண்டி ஓரங்கட்டினேன், அதற்குள் வந்துவிட்டது. இந்த முறை முந்தானையை விரிக்கவில்லை. என் கையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சீட்டில். முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, சாய்ந்து உட்கார்ந்து, "வேல வச்சுட்டேன் ஒங்களுக்கு" என்றாள்.

சேதம்: முன் இடது சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. காய விடாமல் அங்கேயே ஒத்தி எடுத்தேன், தேய்க்கவில்லை. மிச்சத்தை அவள் தூங்கி எழுந்ததும் கேட்டுச் செய்ய வேண்டும். மணலைத் தொடப்போவதில்லை. இன்னும் மூன்று தடவை போக வேண்டியிருக்கிறது.